முதல் கார் பாலிஷர்: திணறி நிற்கும் இயந்திரத்தையே வாங்குங்கள்

ஆறு ஆண்டு ஓடிய கறுப்புக் கார் ஒன்றை வெயிலில் நிறுத்திவிட்டு, பானட்டில் சூரியன் விழும் இடத்தை உற்றுப் பாருங்கள். அந்த ஒளிப்புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை கட்டியதுபோல் நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள் தெரியும். அவை வட்டக் கோடுகள் அல்ல. எல்லாத் திசையிலும்தான் கிடக்கின்றன. ஒளியைச் சுற்றி அமைந்தவை மட்டும் மினுங்குவதால் வட்டம்போல் தோன்றுகிறது. அவற்றைப் போட்டது முள்மரமோ மாடோ அல்ல. தினமும் காலையில் ஒரே வாளித் தண்ணீரில் ஒரே துணியை நனைத்து நனைத்துத் துடைத்த துடைப்புதான். துணியில் ஒட்டிய மணல்தான் உளி.

என் காரின் நிலையும் அதுவே. பட்டறை ஒன்றில் கொண்டுபோய் விட்டேன். "பஃபிங் போட்டால் ஷோரூம் வண்டி மாதிரி ஆகிவிடும் சார்" என்றார்கள். மாலையில் எடுத்து வந்தபோது உண்மையிலேயே பளபளத்தது. இரவு தெருவிளக்கின் கீழ் நிறுத்திப் பார்த்தால், சிலந்தி வலை போயிருந்தது. அதன் இடத்தில் வில்வில்லாக நெளியும் பட்டைகள் பானட் முழுக்க வந்திருந்தன. நான் நடந்தால் அவையும் கூடவே நடந்தன. ரோட்டரி என்ற வகைப் பாலிஷ் இயந்திரம் விட்டுச்செல்லும் இந்தத் தடத்துக்கு ஹோலோகிராம் என்று பெயர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றிரவே சொந்தமாக ஒரு பாலிஷர் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்தது சுலபம்; தேர்ந்தெடுப்பதற்குத்தான் மூன்று வாரம் பிடித்தது. கடைக்காரர் வாட் கணக்குச் சொன்னார். நண்பர் ஒருவர், தொழில்காரர்கள் எதை வைத்திருக்கிறார்களோ அதையே வாங்கு என்றார். இன்னொருவர், எண்ணூறு ரூபாய்க்கு டிரில்லில் மாட்டும் பேட், அதாவது தேய்க்கும் மெத்தை, கிடைக்கும்போது இதெல்லாம் எதற்கு என்றார். எனக்கு அப்போது கேட்கத் தெரியாமல் போன கேள்வி ஒன்று உண்டு: நான் தவறு செய்யும் அந்த இரண்டு விநாடியில் இந்த இயந்திரம் என்ன செய்யும்? அந்த ஒரு கேள்வியை வைத்தே இங்கே ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்க்கிறேன்.

அதற்கு முன், பாலிஷ் செய்வது என்றால் என்ன என்பது தெளிவாக வேண்டும். அது எதையும் சேர்ப்பதில்லை, குறைக்கிறது. தொழிற்சாலையில் அடித்த பெயின்ட்டின் மொத்தக் கனம், பிரைமர் என்னும் அடிப்பூச்சு, நிறம், அதன் மேல் கிளியர் கோட் என்னும் நிறமற்ற மேற்பூச்சு எல்லாம் சேர்த்துப் பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் சுமார் 35 முதல் 50 மைக்ரான். நாளிதழ்த் தாள் ஒன்றை விரலிடுக்கில் பிடித்துப் பாருங்கள். ஏறக்குறைய அதன் பாதிக் கனம்தான் உங்கள் காரின் கவசம். கோடு இருக்கும் ஆழம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவிச் சமன்செய்தால் கோடு மறைகிறது. நிதானமாகச் செய்யும் ஒரு பாலிஷுக்கு ஓரிரண்டு மைக்ரான் போகும். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் அந்தக் கிளியர் கோட்டில்தான் இருக்கிறது. ஆகவே இது வங்கியில் போட்டுவைத்த பணம் போன்றது. எடுக்கலாம், திரும்பப் போட முடியாது.

டிரில்லும் கிரைண்டரும்

இவற்றை விரைவாக முடித்துவிடலாம்.

கையால் தேய்ப்பது தவறே இல்லை. கதவுக் கைப்பிடியின் உட்குழியில் விழும் நகக்கீறல்களுக்கும், மேற்பூச்சு மட்டும் மஞ்சளித்த ஹெட்லைட்டுக்கும் கையே போதும். ஆனால் பானட் முழுவதையும் கையால் சீர்செய்ய முயன்றவர் அடுத்த பானட்டைத் தொடமாட்டார். அழுத்தம் விரலுக்கு விரல் மாறுவதால் பளபளப்பும் திட்டுத்திட்டாகத்தான் வரும்.

டிரில்லில் மாட்டும் பேட், துளையிடும் கருவியைத் துடைக்கும் கருவியாக்கும் முயற்சி. துப்பாக்கிப் பிடியில் ஒரு கையால் பிடிக்க வேண்டியிருப்பதால் பேட் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கும். ஹெட்லைட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சிகரெட் லைட்டர் துளையில் செருகும் பன்னிரண்டு வோல்ட் பாலிஷரும், பத்து அங்குல வட்டத்தில் துணி உறை மாட்டிய மலிவான ஆர்பிட்டல் பாலிஷரும் மெழுகு பூசத்தான் ஆகும். கோட்டை எடுக்கும் வலு அவற்றுக்கு இல்லை. காரைக் கெடுக்காது என்பது நல்ல செய்தி. எதையும் சரிசெய்யாது என்பது கெட்ட செய்தி.

ஆங்கிள் கிரைண்டர்தான் உண்மையான ஆபத்து. வீட்டில் ஏற்கெனவே இருக்கும், ஹார்டுவேர் கடையில் அதற்கு மாட்டும் கம்பளி பேட்டும் தொங்கும், அதனால் ஆசை வரும். நம் ஊரின் நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. நூறு மில்லிமீட்டர் பேட்டை அதில் மாட்டினால் பேட்டின் விளிம்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,450 மீட்டர் ஓடும். அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். இரும்பு அறுக்கும் வேகம் அது. வேகத்தைக் குறைக்கும் திருகு உள்ள கிரைண்டர் என்றாலும் பெரும்பாலானவற்றில் குறைந்தபட்ச வேகமே பெயின்ட்டுக்கு மிக அதிகம். வேண்டாம்.

ரோட்டரி: கற்றவர் கையில் கத்தி

கடையில் போய்ப் பாலிஷர் என்று பொதுவாகக் கேட்டால் மேசை மேல் எடுத்துவைப்பது பெரும்பாலும் ரோட்டரிதான். போஷ் ஜிபிஓ 950, மகிதா 9237 போன்றவை இந்த வகை. பார்க்கப் பெரிய கிரைண்டர் போலவே இருக்கும். ஆனால் வேகம் நிமிடத்துக்கு 600 முதல் 3,000 சுற்று என்ற அளவில் கட்டுப்பட்டது. பேட் ஒரே அச்சில், மோட்டாரோடு இறுகப் பிணைந்து சுற்றுகிறது. அதிர்வு குறைவு, சத்தம் குறைவு, வெட்டும் வேகம் அதிகம். ஆழமான கோடு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தடம், பட்டறையில் புதிதாக அடித்த பெயின்ட்டின் ஆரஞ்சுத்தோல் சொரசொரப்பு ஆகியவற்றை இதுபோல் எடுக்கும் கருவி வேறில்லை. நாற்பது ஆண்டு அனுபவம் உள்ள பெயின்டர் ஒருவர் இதைக் கையாளுவதைப் பார்த்தால் தாளம் போடுவதுபோல் இருக்கும். பேட்டை எப்போதும் ஒரு ஓரமாக லேசாகச் சாய்த்து, முனை வந்ததும் தூக்கி, பேட் விளிம்பிலிருந்து வெளியே ஓடும்படி திருப்பிவிடுவார்.

நான் அந்தத் தாளத்தை ஒரு பழைய பானட்டில் போட்டுப் பார்த்தேன். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகச் சந்தையில் பேரம் பேசி வாங்கிய சாம்பல் நிறப் பானட் அது. ரோட்டரியை நண்பரிடம் இரவல் வாங்கியிருந்தேன். முதல் பத்து நிமிடம் அற்புதம்: பழைய கோடுகள் கண்ணெதிரே கரைந்தன. தைரியம் வந்து, பானட்டின் நடுவே மேடாக ஓடும் மடிப்புக் கோட்டின் மேல் பேட்டைக் கொண்டுபோனேன். இரண்டு விநாடி இருக்கும். முதலில் வந்தது வாசனைதான்: பிளாஸ்டிக் பை கருகுவதுபோல் ஒரு கசப்பு. தூக்கிப் பார்த்தால் மடிப்பின் முதுகில் ஒரு விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறம் மறைந்து, சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்த கோடு ஒன்று. அது பிரைமர். கிளியர் கோட்டும் நிறமும் என் பேட்டில் இருந்தன.

ஏன் மடிப்பில் மட்டும்? இரண்டு காரணம். பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே கூர்முனையிலிருந்து இருபுறமும் வழிந்து இறங்குவதால் அங்கே பூச்சு மெல்லியது. கூடவே, தட்டையான இடத்தில் பேட் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் அழுத்தம், முனையில் ஒரு கோட்டளவு இடத்தில் வந்து குவிகிறது. பம்பர் இதைவிட மோசம். அடியில் இருப்பது பிளாஸ்டிக் என்பதால் தகடுபோல் சூட்டை இழுத்துப் பரப்பாது. சூடு பெயின்ட்டிலேயே தங்கிவிடும்.

இந்த இடத்தில் என் கேள்விக்கு ரோட்டரி தரும் பதில் தெளிவு. நீங்கள் தவறு செய்யும் இரண்டு விநாடியிலும் அது அதே வேகத்தில், அதே வலுவோடு வேலை செய்துகொண்டே இருக்கும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ரோட்டரியை நான் திட்டவில்லை. டிங்கரிங், பெயின்ட் தொழிலில் இறங்கப் போகிறவருக்கு அது இல்லாமல் முடியாது. அவர் கெடுத்துப் பழகப் பட்டறையில் நாலு பழைய கதவுகளும் பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒரு மேஸ்திரியும் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போர்ட்டிகோவில் தனியாக நிற்கும் நமக்கு இரண்டும் இல்லை.

டூயல் ஆக்ஷன்: குறையே காப்பு

டூயல் ஆக்ஷன் பாலிஷரில், சுருக்கமாக டிஏ என்பதில், பேட்டுக்கு இரண்டு அசைவு. மோட்டாரின் அச்சிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு பேரிங்கில் பேட் பொருத்தப்பட்டிருக்கிறது. மோட்டார் சுற்றும்போது பேட் ஒரு சிறு வட்டப் பாதையில் அலைகிறது. இது ஓர் அசைவு. அந்த அலைவின் வேகத்தால் பேட் தன் பேரிங்கில் தானாகவும் மெல்லச் சுழல்கிறது, இது இரண்டாவது. பூமி சூரியனைச் சுற்றிக்கொண்டே தன்னையும் சுற்றுவது போல. ஆனால் இங்கே தன்னைச் சுற்றுவதை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை.

அந்த வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. பேட்டைச் சுழல வைக்கப் பல்சக்கரம் ஏதும் இல்லாததால், நீங்கள் அதிகமாக அழுத்தினாலோ, பேட்டைச் சாய்த்தாலோ, மடிப்பின் மேல் ஏற்றினாலோ சுழற்சி திணறி நின்றுவிடும். மோட்டார் ஓடும், கை அதிரும், பேட் மட்டும் சுழலாமல் இருந்த இடத்திலேயே துடிக்கும். வெட்டும் வலுவில் பெரும்பகுதி அப்போதே போய்விடும். தொழில்காரர்கள் டிஏ பற்றிச் சொல்லும் முதல் குறை இதுதான்: வளைவில் நின்றுபோகிறது, வேலை ஓடவில்லை. அவர்களுக்குக் குறை. புதிதாகக் கற்பவருக்கு, நீ செய்வது தவறு என்று இயந்திரமே கையைப் பிடித்து நிறுத்துவதற்குச் சமம்.

அதே பழைய பானட்டின் அதே மடிப்பில், வெளுத்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, பிறகு வாங்கிய டிஏவையும் வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தேன். பேட்டுக்குப் பின்னாலிருக்கும் தகட்டின் விளிம்பில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டிருந்தேன். தட்டையான இடத்தில் அந்தக் கோடு மங்கலாகச் சுற்றியது. மடிப்பைத் தொட்டதும் கோடு தெளிவாக நின்றுவிட்டது. ஐந்து விநாடி அப்படியே வைத்திருந்து எடுத்தேன். இடம் வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். டிஏவால் பெயின்ட்டைக் கெடுக்கவே முடியாது என்று இதற்குப் பொருள் அல்ல. கரடுமுரடான மைக்ரோஃபைபர் பேட்டும் காம்பவுண்ட் எனப்படும், வெட்டும் வலு அதிகமுள்ள பாலிஷும் வைத்து முனையில் நின்றுகொண்டே இருந்தால் இதுவும் ஓட்டை போடும். ஆனால் அதற்கு இரண்டு விநாடி போதாது. நல்ல பிடிவாதம் வேண்டும்.

மார்க்கர் கோடு போடுவதை மறக்காதீர்கள். இரண்டு ரூபாய் வேலை; எவ்வளவு அழுத்தலாம், பேட் மட்டமாக இருக்கிறதா என்பதை ஆசிரியர் இல்லாமலே அது சொல்லிக்கொடுக்கும்.

எட்டா, பதினைந்தா, இருபத்தொன்றா?

டிஏ என்று முடிவான பிறகு வரும் அடுத்த குழப்பம், பேட் அலையும் வட்டத்தின் அகலம். 8, 9, 12, 15, 21 மில்லிமீட்டர் என்றெல்லாம் விற்கிறார்கள். இது வெறும் விளம்பர எண் அல்ல. நிமிடத்துக்கு 4,000 அலைவு என்று வைத்துக்கொண்டு பேட்டின் ஒரு புள்ளி எவ்வளவு தூரம் போகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், பேட்டின் சுழற்சியை விட்டுவிட்டு. 8 மில்லிமீட்டருக்குச் சுமார் 100 மீட்டர், 15க்கு 188, 21க்கு 264. மணிக்கு எவ்வளவு என்று பார்த்தால் எட்டு வேகமாக நடக்கிறது, பதினைந்து ஓடுகிறது, இருபத்தொன்று சைக்கிளில் போகிறது. ஒப்பிட ஒரு ரோட்டரி: 150 மில்லிமீட்டர் பேட், 1,500 சுற்று என்றால் அதன் விளிம்பு மணிக்கு 42 கிலோமீட்டரில், கிட்டத்தட்ட டவுன் பஸ் வேகத்தில் போகும், அதே பேட்டின் நடுப்புள்ளி நின்ற இடத்திலேயே இருக்கும். ரோட்டரி ஏன் வில்வில்லாகத் தடம் போடுகிறது, டிஏ ஏன் போடுவதில்லை என்பதற்கும் விடை இதில் இருக்கிறது: டிஏவில் பேட்டின் எல்லாப் புள்ளியும் ஏறக்குறைய ஒரே வேகத்தில், திசை மாறி மாறி அலைகின்றன.

அமெரிக்காவில் ஒரு தலைமுறை வீட்டு உபயோகக்காரர்கள் பழகியது போர்ட்டர் கேபிள் 7424 போன்ற 8 மில்லிமீட்டர் இயந்திரங்களில். பிறகு இத்தாலியின் ரூப்பெஸ் நிறுவனம் பிக்ஃபுட் வரிசையில் 15, 21 மில்லிமீட்டர் அலைவைக் கொண்டுவந்து இந்தச் சந்தையையே மாற்றியது. இன்று சீனத் தயாரிப்புகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவைதான்.

21 மில்லிமீட்டர் பெரிய கார்களின் கூரை, பானட் போன்ற அகன்ற இடங்களை விழுங்கிவிடும். ஆனால் அதன் பின்தகடு பொதுவாக ஆறு அங்குலம். பேட் அதைவிடப் பெரியது. நம் தெருக்களில் ஓடும் சிறிய ஹேட்ச்பேக்கில் அத்தனை பெரிய தட்டை இடம் எங்கே இருக்கிறது? கதவில் மடிப்பு, ஃபெண்டரில் வளைவு, பின்பக்கம் முழுக்கக் குழி. அங்கெல்லாம் 21 திணறிக்கொண்டே இருக்கும். திணறல் நல்லது என்றேன், ஆனால் வேலையே நடக்காத அளவுக்கு வேண்டாம். 8 மில்லிமீட்டர் எதிர்ப்பக்கம்: வளைவுகளில் அடக்கமாகப் போகும், கட்டுப்படுத்த எளிது, ஆனால் வெட்டு மெதுவாக இருப்பதால் பொறுமை இழந்து அழுத்தத் தொடங்குவோம், அழுத்தினால் நிற்கும். 12 அல்லது 15 மில்லிமீட்டர், ஐந்து அங்குலப் பின்தகடு, ஐந்தரை அங்குல பேட். சிறிய, நடுத்தரக் கார் வைத்திருப்பவருக்கு என் தேர்வு இது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பல்சக்கரம் வைத்துச் சுழற்சியைக் கட்டாயமாக்கும் டிஏவும் உண்டு. ஜெர்மனியின் ஃப்ளெக்ஸ் எக்ஸ்சி 3401 இதில் பேர்போனது: 8 மில்லிமீட்டர் அலைவு, ஆனால் பேட் எவ்வளவு அழுத்தினாலும் சுழன்றே தீரும். ரோட்டரியின் வலுவையும் டிஏவின் தடமற்ற பளபளப்பையும் சேர்த்துத் தரும் அருமையான இயந்திரம். முதல் இயந்திரமாக மட்டும் வேண்டாம். நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த திணறலை அது எடுத்துவிடுகிறது. சற்றே சாய்த்தால் கையை விட்டுக் காரின் மேல் நடக்கவும் பார்க்கும். மகிதா பிஓ 5000 போல, கட்டாயச் சுழற்சியையும் தன்னிச்சைச் சுழற்சியையும் ஒரு திருகில் மாற்றிக்கொள்ளும் வகையும் இருக்கிறது. செலவு பொருட்டில்லை, இரண்டு மூன்று ஆண்டு இதிலேயே ஊறப் போகிறேன் என்பவர் அதைப் பார்க்கலாம்.

கடையில் நிற்கும்போது

வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ரூப்பெஸின் முதல் பிக்ஃபுட் இயந்திரங்கள் 500 வாட்தான். உலகம் முழுக்கத் தொழில்காரர்கள் அவற்றை வைத்துச் சம்பாதித்தார்கள். பெட்டியில் 1,200 என்று அச்சடித்த மலிவு இயந்திரம் அழுத்தினால் முனகி வேகம் இறங்குவதையும் பார்த்திருக்கிறேன். வாட்டைவிட முக்கியம், சுமை ஏறினாலும் வேகத்தைத் தாங்கிப் பிடிக்கும் மின்னணுக் கட்டுப்பாடு இருக்கிறதா என்பது. அடுத்தது மெதுவாகத் தொடங்கும் வசதி. அது இல்லாவிட்டால் சுவிட்சைப் போட்ட கணத்தில் பேட்டில் வைத்த பாலிஷ் உங்கள் சட்டையிலும் பக்கத்து வீட்டுச் சுவரிலும் இருக்கும்.

இயந்திரத்தைக் கையில் வாங்கி, ஓடவிட்டு, இரண்டு நிமிடம் கதவு உயரத்தில் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பானட்டின் மேல் எந்த இயந்திரமும் கனக்காது. எடையை உலோகம் தாங்குகிறது. கதவில் நாம்தான் தாங்க வேண்டும். பொதுவாக இரண்டிலிருந்து மூன்று கிலோ வரை இருக்கும்; அந்த ஒரு கிலோ வித்தியாசம் மூன்றாவது கதவில்தான் புரியும்.

பின்தகடும் பேட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். ஊர் பேர் தெரியாத இயந்திரத்தின் தகடு ஓராண்டில் வெல்க்ரோ உருகி வீணாகும். அப்போது அதே திருகு அளவில் வேறு தகடு கிடைக்காவிட்டால் இயந்திரமே காகித எடைக்கல்.

அமெரிக்காவிலிருந்து வரும் மாமாவிடம் சொல்லி வாங்கிவரலாம் என்ற யோசனை நம் வீடுகளில் கட்டாயம் எழும். விலையும் அங்கே குறைவாகத் தெரியும். அங்குள்ள இயந்திரம் 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் சுவரில் வருவது 230. நேரடியாகச் செருகினால் மோட்டார் புகைந்துவிடும். அதற்கேற்ற டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, அந்தச் செங்கல்லையும் காரைச் சுற்றி இழுத்துக்கொண்டு திரிய வேண்டும். பழுதானால் சரிசெய்ய ஆளும் இல்லை. மாமா சாக்லேட்டே வாங்கிவரட்டும்.

பேட்டரியில் ஓடுபவை கம்பித் தொல்லை இல்லாதவை. ஆனால் ஒரு கார் முழுவதற்கும் பல மணி நேரம் ஓட வேண்டிய வேலைக்கு இரண்டு மூன்று பேட்டரியும் சார்ஜரும் தேவைப்படும். ஏற்கெனவே அதே நிறுவனத்தின் பேட்டரிக் கருவிகள் வீட்டில் இருந்தால் ஒழிய முதல் தேர்வாக வேண்டாம்.

பணத்தை எங்கே போடுவது

பலரும் பணம் முழுவதையும் இயந்திரத்தில் போட்டுவிட்டு, பெட்டியோடு வந்த ஒரே பேட்டை வைத்துக் கார் முழுவதையும் தேய்க்கிறார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன்: நடுத்தர விலை இயந்திரம், ஆறு நல்ல பேட்கள். சீவி எடுத்த கிளியர் கோட்டும் காய்ந்த பாலிஷும் பேட்டில் அடைந்துகொண்டே போகும். சூடேறி ஈரமான பேட் வெட்டாது, இழுபடும். இரண்டு பேனலுக்கு ஒரு பேட் என்று மாற்றினால்தான் கடைசிக் கதவும் முதல் கதவைப் போலவே வரும். மூன்று நடுத்தர ஃபோம், மூன்று மென்மையான ஃபோம் போதும். நிறத்தை நம்பி வாங்காதீர்கள். ஒரு நிறுவனத்தின் மஞ்சள் இன்னொன்றின் வெள்ளையைவிடக் கடினமாக இருக்கலாம். கம்பளி பேட்டைத் தொடவே வேண்டாம், இப்போதைக்கு.

பாலிஷும் இரண்டு குப்பி போதும். ஒரு நடுத்தரம், ஒரு மென்மை. மெழுகோ எண்ணெயோ கலந்தவை கோட்டை நிரப்பி மறைத்துவிட்டு இரண்டு கழுவலில் காட்டிக்கொடுக்கும். தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். அடுத்து ஒரு நல்ல எல்இடி டார்ச். டியூப் லைட்டின் கீழே எல்லாக் காரும் புதுக் கார்தான். எனக்கு நேர்ந்த ஹோலோகிராம் ஏமாற்றம் பட்டறையிலேயே தெரியாமல் போனதற்குக் காரணம் அங்கிருந்த டியூப் லைட்டே.

வாங்காமலே இருப்பதும் ஒரு தேர்வு என்பதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. கிளியர் கோட் வங்கிக் கணக்கு என்றேன். அப்படியானால் ஒரு காருக்கு முழுப் பாலிஷ் ஆயுளில் மூன்று நான்கு தடவைக்கு மேல் செய்யக் கூடாது. ஒரே கார், அதை விரைவில் விற்கப் போகிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை தூங்குவது பிடிக்கும் என்றால், டிஏ வைத்து வேலை செய்யும், விளக்குப் பிடித்துக் காட்டத் தயங்காத ஒரு டீட்டெய்லிங் கடையைத் தேடிக் கொடுத்துவிடுங்கள். மீதிப் பணத்தில் இரண்டு வாளியும் பத்து மைக்ரோஃபைபர் துணியும் வாங்கிக் கார் துடைப்பவரிடம் கொடுங்கள். வீட்டில் இரண்டு கார், அண்ணன் வீட்டில் ஒன்று, நண்பர்கள் நாலு பேர் என்றிருந்தால் இயந்திரம் ஓராண்டில் விலையை மீட்டுவிடும்.

வாங்கியவர்கள் முதல் நாள் முழுக் காரையும் தொட வேண்டாம். காலை ஏழு மணிக்குள், நிழலில், தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது, கழுவி, கார் பெயின்ட்டுக்கென்றே விற்கும் களிமண் கட்டியால் அழுக்கை இழுத்தெடுத்து, மடிப்புகளிலும் ரப்பர் ஓரங்களிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். கதவில் இரண்டடிக்கு இரண்டடி இடம். மென்மையான பேட், மென்மையான பாலிஷ், பட்டாணி அளவில் நான்கு துளி. பேட்டைத் தகட்டில் வைத்த பிறகே சுவிட்ச். விநாடிக்கு ஓர் அங்குலம், பாதிப் பாதி மேலேறும்படி, முதலில் கிடையாக, பிறகு நெடுக்காக, நான்கு முதல் ஆறு நடை. துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். போதவில்லை என்றால் மட்டும் நடுத்தர பேட்டுக்கு ஏறுங்கள். துணியில் காரின் நிறமே ஒட்டிக்கொண்டு வந்தால் அந்த வண்டியில் கிளியர் கோட் இல்லை என்று அர்த்தம். பழைய சாலிட் வெள்ளை, சிவப்பு வண்டிகளில் இதைப் பார்க்கலாம். பயப்பட வேண்டாம், ஆனால் கையை இன்னும் லேசாக்குங்கள். நகம் மாட்டும் ஆழத்தில் இருக்கும் கீறலை அப்படியே விட்டுவிடுங்கள். அதை முழுதாக எடுக்கப் போனால் மிஞ்சுவது பிரைமர்.

புதுப்பேட்டைப் பானட் இன்னும் என் வீட்டு மாடிப்படிக்குக் கீழேதான் சாய்ந்து நிற்கிறது. புதிய பேட்டோ பாலிஷோ எது வந்தாலும் முதலில் அதன் மேல்தான் ஓடும். அவசரம் வரும் நாட்களில் அந்த வெளுத்த விரல் நீளக் கோட்டின் மேல் ஒருமுறை கட்டைவிரலை ஓட்டிவிட்டுத்தான் காருக்குப் போகிறேன்.